பிராசிச் சீமாட்டியாரின் இறுதிக் கடற்செலவு

அரசினர் ஏவலின்றித் தம் சொந்தக் கலத்திற் கடல் சூழ்ந்தோர் சிலரே. அவருள் ஆங்கிலச் சீமாட்டியாராகிய அன்னா பிராசி அம்மையாரை நம் இல்லத்துப் பெண்மக்களும் அறிதல் நன்று.

பாய்களோடு நீராவிப் பொறியும் உடைய 'சன்பீம்' என்னுங் கலத்தில், கணவரோடும் மக்களோடும் 1876-77-இல் உலகஞ் சுற்றியவர் இவர். கலம் கணவருடையது, அதன் புகழோ அம்மையார் எழுதிய நூலால் வந்தது.

1887-இல் இந்தியா, இலங்கை, பர்மா முதலியன கண்டபின், ஆஸ்திரேலியாக் கண்டத்தை அடைந்தனர். ஆல்பனி, அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன் எனத் துறைதோறும் இறங்கி ஊர் கண்டு, வடமுனையை வளைந்து டார்வின் துறை சேர்ந்தனர். உடல் நலிந்தும் அம்மையார் இயன்றவரை நாட்குறிப்பு எழுதிவந்தார். அத்துறையை நீங்கியபின், செப்டம்பர் 14-இல், முறைக்காய்ச்சலால் நடுக்கடலில் உயிர் நீத்தார்; அகவை 47. உடலைக் கடலிலேயே அடக்கினர். அவர்தம் குறிப்புகள் 1889-இல் நூலாக வெளிவந்தன.