ரன்வே பக்கத்துல ஸ்கைடைவிங்... குட்டி விமானங்களுக்கு ஏன் ஆபத்து? விதிகள் என்ன சொல்லுது?

2014 மார்ச் 8. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மல்பெரி என்ற ஊர். அங்குள்ள சவுத் லேக்லேண்ட் விமான நிலையத்தில் ஓடுபாதையே புல்தரைதான். கட்டுப்பாட்டு கோபுரமும் கிடையாது. 87 வயது விமானி ஒருவர் தன் சிறிய செஸ்னா விமானத்தில் தரையைத் தொட்டுத் தொட்டு மீண்டும் மேலே ஏறும் பயிற்சியில் இருந்தார். அதே நேரத்தில் 49 வயது ஸ்கைடைவர் ஒருவர் பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்.

தரையிலிருந்து சுமார் 75 அடி உயரத்தில் விமானத்தின் இறக்கை பாராசூட் கயிறுகளில் சிக்கியது. ஸ்கைடைவர் தூக்கி வீசப்பட்டார். விமானம் மூக்கு குத்தி விழுந்தது. கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவரின் கேமராவில் எல்லாமே பதிவானது. அந்தப் படங்கள் உலகம் முழுக்க வைரலாகின.

நல்லவேளையாக இருவருமே சிறிய காயங்களோடு தப்பினார்கள். ரெண்டு பேருமே பல வருட அனுபவசாலிகள் என்பதுதான் இதில் யோசிக்க வைக்கும் விஷயம். ஒருவரை ஒருவர் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

இவ்வளவு பெரிய வானத்துல இது எப்படி நடக்குது? யார் யாரைப் பார்க்கணும்? சட்டம் யார் பக்கம்? விரிவாகப் பார்க்கலாம்.

விமான நிலையத்துக்கு மேல ஏன் குதிக்கிறாங்க?

ஸ்கைடைவிங்குக்கு ஒரு விமானம் வேண்டும். அது ஏறி இறங்க ஓடுபாதை வேண்டும். குதித்தவர்கள் இறங்க மரமும் மின்கம்பியும் இல்லாத திறந்தவெளி வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது சிறிய விமான நிலையங்களில்தான். அதனால் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே ஒரு புல்வெளியை இறங்குமிடமாக ஒதுக்கிவிடுகிறார்கள். இதைத்தான் டிராப் ஸோன் என்கிறார்கள்.

அதே ஓடுபாதையை விமானப் பயிற்சி மாணவர்களும், சொந்த விமானம் வைத்திருப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. அதில் கட்டுப்பாட்டு கோபுரம் இருப்பது ஏறத்தாழ 500 இடங்களில் மட்டும்தான். மற்ற இடங்களில் "நீ இறங்கு, நீ காத்திரு" என்று சொல்ல ஆளே இல்லை. விமானிகள் பொது அலைவரிசை ஒன்றில் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆபத்தா இருந்தா தடை பண்ணிடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு லேசு இல்லை. அமெரிக்க அரசின் விமான நிலைய மானியத்தை வாங்கும் நிலையங்கள், எல்லா வகை வான்வெளிச் செயல்பாடுகளுக்கும் நியாயமாக இடம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்கைடைவிங்கும் அந்தப் பட்டியலில் வருகிறது. பாதுகாப்புக் காரணத்தை உறுதிப்படுத்தாமல் கதவைச் சாத்த முடியாது. ஆக, சேர்ந்து வாழ்ந்துதான் ஆகணும்.

சரி, விமானி பார்த்து விலகிட வேண்டியதுதானே?

பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். பதில் கணக்கில் இருக்கிறது.

பொதுவாக ஸ்கைடைவர்கள் 10,000 முதல் 14,000 அடி உயரத்தில் குதிக்கிறார்கள். வயிறு கீழே பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு நிமிடம் இப்படியே விழுந்துவிட்டு, அதன் பிறகுதான் பாராசூட்டை விரிக்கிறார்கள். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் முறையில் சுமார் 5,000 அடியிலேயே விரித்துவிடுவார்கள். அனுபவசாலிகள் இன்னும் கீழே வந்து விரிப்பார்கள்.

எதிரில் ஒரு பொருள் வருகிறது என்பதைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்பி, அது உண்மையில் விலகுவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் வழிகாட்டுதல். அந்த 12.5 விநாடியில் ஒரு ஸ்கைடைவர் 2,000 அடிக்கு மேல் விழுந்திருப்பார். அதாவது மோதலைத் தவிர்க்க வேண்டுமென்றால், 600 மீட்டருக்கும் அப்பால், அதுவும் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரு மனித உருவத்தை விமானி கண்டுபிடித்தாக வேண்டும். செஸ்னா போன்ற விமானங்களில் இறக்கையே கூரை மாதிரி மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்தால் தெரிவது இறக்கைதான், வானம் இல்லை!

ஸ்கைடைவருக்கும் இதே சிக்கல் உண்டு. விழும்போது அவர் தன் குழுவினரையும் கையில் உள்ள உயரமானியையும் கவனித்துக்கொண்டிருப்பார். கீழே வயல்வெளியின் பின்னணியில் நகரும் சின்ன விமானம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. பிடிபட்டாலும் பிரேக் போட முடியாதே!

தொழில்நுட்பமும் பெரிதாகக் கைகொடுக்காது. விமானங்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி ஸ்கைடைவர் உடலில் இல்லை. அதனால் விமானியின் திரையில் ஸ்கைடைவர்களை ஏற்றிவந்த விமானம் தெரியும். அதிலிருந்து குதித்தவர்கள் தெரிய மாட்டார்கள்.

1993: நான்கு உயிர்களைப் பறித்த மோதல்

இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்த்தாம்ப்டன் விமான நிலையம் அருகே, வேகமாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஸ்கைடைவர் அந்த வழியாகப் பறந்த பைப்பர் ரக சிறிய விமானத்தின் வால் பகுதியில் மோதினார். வால் சேதமடைந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அதில் இருந்த நான்கு பேரும் உயிரிழந்தனர். ஸ்கைடைவர் கணுக்கால் முறிவோடு உயிர் பிழைத்தார்.

குதிப்பவருக்குத்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் விமானத்தின் வால் என்பது அதன் சமநிலையையே தாங்கும் உறுப்பு. அது போனால் விமானிக்குச் செய்ய எதுவும் இருக்காது. குதித்தவரிடமோ பாராசூட் இருக்கிறது!

ஏற்றிச் செல்லும் விமானமும் ஆபத்துதான்

ஆட்களை இறக்கிவிட்ட விமானம் அடுத்த குழுவை ஏற்ற அவசரமாகக் கீழே வரும். அந்த இறக்கம் செங்குத்தாக இருக்கும். பல நேரம் ஸ்கைடைவர்களுக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். சுற்றுவட்டாரத்தில் பறக்கும் மற்ற விமானங்களுக்கு இது எதிர்பாராத திசையிலிருந்து வரும் ஆபத்து.

2018ல் தெற்கு பிரான்சின் பூலோக்-ஆன்-கெர்சி பகுதியில், இறக்கை போன்ற விங்சூட் உடையில் குதித்த ஒருவர், தான் ஏறி வந்த அதே விமானத்தின் இறக்கை மோதி உயிரிழந்தார். விங்சூட் அணிந்தவர் நேராக விழாமல் முன்னோக்கி மிதந்து செல்வார். அதனால் இறங்கும் விமானமும் அவரும் ஒரே பாதையில் வர வாய்ப்பு அதிகம். இந்த வழக்கில் 2024ல் அந்த விமானி குற்றவாளி என்று தீர்ப்பானது.

அதற்கு முன், 2013 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சுப்பீரியரில், ஸ்கைடைவர்களோடு சேர்ந்து பறந்த இரண்டு விமானங்கள் சுமார் 12,000 அடி உயரத்தில் மோதிக்கொண்டன. ஒன்று தீப்பிடித்துச் சிதறியது. ஆச்சரியம் என்னவென்றால், 9 ஸ்கைடைவர்களும் 2 விமானிகளும் உயிர் தப்பினார்கள். சிதறிய விமானத்தின் விமானியைக் காப்பாற்றியது அவர் அணிந்திருந்த அவசரகால பாராசூட்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் பாராசூட் நடவடிக்கைகளுக்குத் தனி விதித் தொகுப்பே இருக்கிறது. முக்கியமானவை இவை:

* குதிப்பதற்குக் குறைந்தது 1 மணி நேரத்துக்கு முன்பே, அந்தப் பகுதியின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் தர வேண்டும்.
* குதிப்பதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பு, விமானி அந்த மையத்தோடு ரேடியோ தொடர்பில் இருக்க வேண்டும்.
* கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் இறங்க, நிலைய நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை.
* மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. 10,000 அடிக்குக் கீழே என்றால் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 2,000 அடி, மேலே 1,000 அடி, கீழே 500 அடி இடைவெளி வேண்டும்.
* மற்ற விமானங்களுக்கோ தரையில் இருப்பவர்களுக்கோ ஆபத்து உண்டாகும்படி குதிக்கக் கூடாது. குதிப்பவர், அதை அனுமதிக்கும் விமானி இருவருக்குமே இந்தப் பொறுப்பு உண்டு.

கடைசி விதி ரொம்ப முக்கியம். "நான் ஏற்றிவிட்டேன், குதிச்சது அவர்" என்று விமானி கை கழுவ முடியாது.

அப்போ ஓட்டை எங்கே?

கட்டுப்பாட்டு மையத்தோடு தொடர்பில் இருக்கும் விமானங்களுக்கு "இங்கே பாராசூட் குதிப்பு நடக்கிறது" என்ற எச்சரிக்கை போகும். ஆனால் நல்ல வானிலையில், கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறிய விமானங்கள் அந்த மையத்தோடு பேச வேண்டிய கட்டாயம் பல இடங்களில் இல்லை. கோபுரம் இல்லாத பல நிலையங்களில் ரேடியோவே இல்லாத பழைய விமானமும் சட்டப்படி வந்து இறங்கலாம்!

ஸ்கைடைவிங் விமானி "இன்னும் ஒரு நிமிடத்தில் குதிப்பு" என்றும், "குதித்துவிட்டார்கள்" என்றும் பொது அலைவரிசையில் அறிவிப்பார். அந்த நேரத்தில் பக்கத்து விமானி வேறு அலைவரிசையில் இருந்தால்? அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணும் கருவியும் கைவிடும் இடத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் காதில் விழவில்லை என்றால், அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிப் பறப்பதாகிவிடும்.

இன்னொரு சிக்கல், நல்ல பழக்கமே இங்கே தப்பாகிவிடுவது. தெரியாத நிலையத்துக்கு வரும் விமானி, ஓடுபாதைக்கு மேலே குறுக்காகப் பறந்து காற்றுத் திசை காட்டும் துணிக்குழலைப் பார்த்துவிட்டு இறங்குவது வழக்கம். ஸ்கைடைவிங் நடக்கும் இடத்தில் அப்படிச் செய்வது, குதிப்பவர்கள் விழும் பாதையில் போய் நிற்பதற்குச் சமம். பிரிட்டனில் பல பாராசூட் தளங்களில் இப்படி நிலையத்துக்கு மேலே வந்து சேர்வதற்கே தடை உண்டு.

விமானிகள் என்ன செய்யணும்?

1. புறப்படும் முன் வரைபடம் பார்க்கணும்: அமெரிக்க விமான வரைபடங்களில் குதிப்பு நடக்கும் இடங்கள் சின்னப் பாராசூட் குறியால் காட்டப்பட்டிருக்கும். அன்றைய எச்சரிக்கைகளைச் சொல்லும் நோட்டாம் அறிவிப்பையும் படிக்க வேண்டும்.

2. சீக்கிரமே காது கொடுக்கணும்: 10 மைல் தூரத்திலேயே பொது அலைவரிசைக்கு மாறி, குதிப்பு நடக்கிறதா என்று கேட்க வேண்டும்.

3. மேலே குறுக்கே போகக் கூடாது: கடந்து போவதாக இருந்தால் நன்றாகத் தள்ளிப் போக வேண்டும், அதிலும் காற்று வரும் திசைப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். குதிப்பவர்கள் காற்று தங்களைத் தள்ளிக்கொண்டு வரும் என்று கணக்குப் போட்டு, நிலையத்திலிருந்து தள்ளித்தான் விமானத்தை விட்டு வெளியேறுவார்கள்.

4. உள்ளூர் ஏற்பாட்டை மதிக்கணும்: பல நிலையங்களில் பாராசூட் ஓடுபாதையின் ஒரு பக்கம், விமானச் சுற்று மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள். விமானங்கள் சுற்றி வரும் சுமார் 1,000 அடி உயரத்தில்தான் பாராசூட்டுகளும் கடைசித் திருப்பங்களை எடுக்கின்றன. பக்கம் மாறினால் மோதல்தான்.

5. தரையிலும் கவனம் வேணும்: விமானத்தின் காற்றுச் சுழல் பட்டால் விரிந்த பாராசூட் சுருங்கிப்போகலாம். பாராசூட்டில் ஆட்கள் இறங்கும்போது பக்கத்தில் இன்ஜினை முறுக்கக் கூடாது.

டேண்டம் ஜம்ப் போறீங்களா? இதை கவனிங்க

இந்தியாவில் ஹரியானாவின் நார்னௌல் அருகே பொதுமக்களுக்கான ஸ்கைடைவிங் நடக்கிறது. துபாய் போகிறவர்கள் பலரும் பாம் ஜுமேரா மேலே குதித்துவிட்டு வருகிறார்கள். டேண்டமில் உங்கள் உயிர் பயிற்சியாளர் கையில். ஆனாலும் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

எந்தப் பக்கம் இறங்குவோம், இறங்கிய பிறகு எந்த வழியாக நடந்து வரணும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கின சந்தோஷத்தில் ஓடுபாதைக்குக் குறுக்கே ஓடாதீர்கள். விமானத்தில் ஏறும்போது முன்பக்கம் போகவே கூடாது. வேகமாகச் சுற்றும் புரொப்பல்லர் கண்ணுக்குத் தெரியாது. மேகம் அல்லது காற்று காரணமாக "இன்னைக்கு வேண்டாம், காத்திருங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்லும் இடம்தான் நம்பிக்கையான இடம்.

சுருக்கமா...

விழும் மனிதரைத் திரை காட்டாது, கண்ணும் நேரத்துக்குக் காட்டாது. அதனால் தள்ளிப் பறக்கும் தூரமும், ரேடியோவில் சரியான நேரத்தில் சொல்லப்படும் ஒரு வார்த்தையும், அதைக் கேட்க இன்னொரு விமானியின் காதும் தேவை. மல்பெரியில் இருவரும் பிழைத்தார்கள். நார்த்தாம்ப்டனில் நான்கு பேர் பிழைக்கவில்லை. எல்லாரும் பிழைக்க வேண்டுமானால், மேலே ஏறுவதற்கு முன்பே அந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும்.