ராபன் தீவு: ஒரு சிறைச்சாலை பாடசாலையான வரலாறு

சிறைச்சாலை என்றதும் நமக்கு நபி யூசுஃப் (அலை) அவர்களின் நினைவு வரும். செய்யாத குற்றத்துக்காக அடைக்கப்பட்ட அவர்கள், உடனிருந்த கைதிகளுக்கு ஏகத்துவத்தை எடுத்துச் சொன்னார்கள். அதே வழியில் நடந்த ஓர் ஆலிமின் வரலாறு தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் இருக்கிறது. அத்தீவின் சிறை இன்று அருங்காட்சியகம்.

தீவின் கதை

கேப்டவுன் நகருக்கு எதிரே, அட்லாண்டிக் கடலில் உள்ள இத்தீவின் பரப்பு சுமார் 5 சதுர கிலோமீட்டர். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே டச்சுக்காரர்கள் இங்கே கைதிகளை அடைத்தார்கள். இந்தோனேசியத் தீவுகளில் தங்களை எதிர்த்த பிரமுகர்களையும் மார்க்க அறிஞர்களையும் இங்கு நாடு கடத்தினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1846 முதல் தொழுநோயாளிகள் இங்கே தனிமைப்படுத்தப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தீவு ராணுவத் தளமானது. 1961இல் நிறவெறி அரசு அதை மீண்டும் சிறையாக்கியது.

துவான் குரு

திதோர் தீவைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு காழீ அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் 1780இல் அரசுக் கைதியாகக் கேப்டவுனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் அவர்களை 'துவான் குரு' என்று அழைத்தார்கள். ராபன் தீவில் இருந்தபோது, நினைவிலிருந்தே குர்ஆனைத் தம் கையால் எழுதினார்கள். 1781இல் 'மஃரிஃபத்துல் இஸ்லாம் வல் ஈமான்' என்ற நூலையும் முடித்தார்கள்.

விடுதலைக்குப் பின் 1793இல் டார்ப் தெருவில் மத்ரஸா தொடங்கினார்கள். அடிமைகளின் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள். 1794இல் அதே தெருவில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் உருவானது. இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பின் விடுதலை பெற்ற கோரிடான் என்ற முஸ்லிமுக்குச் சொந்தமான இடம் அது. காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே கேப்டவுன் முஸ்லிம்களிலும் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர்.

1754இல் தீவிலேயே வஃபாத்தான சையித் அப்துர்ரஹ்மான் மதூரா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தின் மீது 1969இல் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. நிறவெறிச் சிறை இயங்கிக்கொண்டிருந்த காலம் அது. சிறைக்கு அருகிலேயே அதை இன்றும் காணலாம்.

நிறவெறிக் காலம்

நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை இங்கே கழித்தார். குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அஹ்மத் கத்ராதாவும் 1964 முதல் 1982 வரை இங்கே இருந்தார். காந்தியடிகளின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 10 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். பகலில் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர்கள், கிடைத்த நேரத்தில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். எழுத்தறியாமல் வந்தவர்கள் படித்துத் திரும்பினார்கள்.

மூடிய பிறகு

1991இல் கடைசி அரசியல் கைதிகள் வெளியேறினார்கள். 1996இல் சிறை முற்றாக மூடப்பட்டது. இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டியிருக்கலாம். ஆனால் 1997இல் அது அருங்காட்சியகமானது. கத்ராதா அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே அறைகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் முன்னாள் அரசியல் கைதிகளே. தாம் படுத்த தரையைக் காட்டி, தாம் பட்டதைத் தாமே சொல்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஒருவர் மறையும்போது ஒரு சாட்சியமும் மறைகிறது. அதற்குள் அதைக் கேட்டுப் பதிவுசெய்வது அடுத்த தலைமுறையின் பொறுப்பு.

நமக்கான படிப்பினை

துவான் குருவைச் சிறைவைத்த கம்பெனி இன்று இல்லை. அவர்கள் எழுதிய குர்ஆன் பிரதியோ அவ்வல் மஸ்ஜிதில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. எழுதி வைத்ததும் சொல்லிக்கொடுத்ததும்தான் நிலைக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் பட்டதையும் பார்த்ததையும் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.