டேஞ்சரஸ் டேவ்

டேஞ்சரஸ் டேவ்: தாவித் தாவி ஆடும் வகையைச் சேர்ந்த கணினி விளையாட்டு. ஆக்கியவர் அமெரிக்க நிரலாளர் ஜான் ரொமேரோ. சொந்த நாட்டில் நின்டெண்டோவின் மாரியோ விளையாட்டின் நிழலில் மங்கிப்போன இந்த விளையாட்டு, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையில் பலருக்குக் கணினியில் ஆடிய முதல் விளையாட்டு. இங்கே 'டேவ் கேம்' என்றால் போதும்.

தோன்றிய ஆண்டு 1988 என்பாரும் 1990 என்பாரும் உண்டு. ஆப்பிள் 2 கணினிக்கான முதல் வடிவம் 1988இல் 'அப்டைம்' என்ற வட்டு இதழுக்காக எழுதப்பட்டது. இந்தியாவில் பரவியது டாஸ் இயங்குதளத்துக்கான வடிவம். அதை லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் இயங்கிய சாஃப்ட்டிஸ்க் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. மாரியோவைப் பார்த்துச் செய்தது என்று ரொமேரோவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் வெறும் நகல் என்று தள்ளிவிடுவது சரியாகாது.

மொத்தம் பத்துக் கட்டங்கள். சிவப்புத் தொப்பி டேவ் பாழடைந்த கொள்ளையர் குகைக்குள் நுழைந்து தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். நீலக்கல் 100, மோதிரம் 200, கிரீடம் 300, கோப்பை 1000 என்று புள்ளிகள். 20,000 சேர்ந்தால் கூடுதலாக ஓர் உயிர். முதல் இரண்டு கட்டங்களில் எதிரியே இல்லை. மூன்றாவதில் சிலந்திகள் வட்டமடிக்கும், கையில் துப்பாக்கி கிடைக்கும். கண்ட்ரோல் பட்டன் சுடுவதற்கு, ஆல்ட் பட்டன் முதுகில் மாட்டிய ஜெட்டை இயக்குவதற்கு. பாதியில் சேமித்துவைக்க வழியில்லை. ஒரு கட்டம் முடிந்ததும் டேவ் நீண்ட நடைவழியில் தன் போக்கில் நடந்து போவான். இன்னும் எத்தனை பாக்கி என்று மேலே எழுத்து தெரியும். ஆட்டத்தில் ஆடுபவர் மூச்சு விடுகிற இடம் இது ஒன்றுதான்.

இந்த விளையாட்டின் பெரிய குறையே இதை வரலாற்றில் சேர்த்தது. டேவ் திரையின் ஓரத்தைத் தொட்டால் காட்சி வழுக்கிக்கொண்டு நகராது. மொத்தமாக ஒரு துண்டு தாவும். அன்றைய பி.சி.க்கள் முழுத்திரையையும் நொடிக்குப் பலமுறை வரையும் வேகம் இல்லாதவை. 1990 செப்டம்பரில் சாஃப்ட்டிஸ்க்கில் ரொமேரோவுடன் வேலைபார்த்த ஜான் கார்மாக் இதற்கு ஒரு வழி கண்டார்: திரையில் மாறிய சதுரத் துண்டுகளை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். அவரும் சக ஊழியர் டாம் ஹாலும் விடிய விடிய உட்கார்ந்து, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இன் முதல் கட்டத்தை அப்படியே பி.சி.யில் வரைந்து, மாரியோ இருந்த இடத்தில் டேவை நிறுத்தினார்கள். அதற்கு 'டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்' என்று குறும்பாகப் பெயர் வைத்து, வட்டை ரொமேரோவின் மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். காலையில் அதை ஓட்டிப் பார்த்தவர் வேலையை விட்டு வெளியேறும் முடிவுக்கே வந்துவிட்டார். பிறகு அந்த மாரியோ ஆட்டத்தின் பி.சி. மாதிரி ஒன்றைச் செய்து நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். நின்டெண்டோ வேண்டாம் என்றது. அதே நுட்பத்தில் 1990 டிசம்பரில் இவர்களின் 'கமாண்டர் கீன்' விளையாட்டு வந்தது. 1991 பிப்ரவரியில் இவர்களின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் பிறந்தது. 1993இல் அந்நிறுவனத்தின் 'டூம்' விளையாட்டு வெளியானது. தன்னை உருவாக்கியவரின் அடுத்த வேலைக்கு வெள்ளோட்டமாக நின்றதற்கு மேல் டேவுக்கு இதில் பங்கில்லை என்பாரும் உண்டு.

டேவ் வரிசையில் அடுத்து வந்தவற்றில் 1991இன் 'ஹான்டட் மேன்ஷன்' குறிப்பிடத்தக்கது. 1993இல் வெளியான இரண்டு டேவ் விளையாட்டுகளிலும் ரொமேரோவின் பங்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கு டேவ் கடை வழியாக வரவில்லை. ஒரே ஃப்ளாப்பியில் எளிதாக அடங்கியதால் கைக்குக் கை நகலாகிப் பரவியது என்பது பொதுவான கருத்து. மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையில் உள்ள கோச்சடையிலும் கதை இதுதான். கணினி மையத்துக்கு டி.சி.ஏ. பட்டயம் படிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. ரூமுக்குள் நுழைந்து, பாடத்துக்கு முன் டாஸ் பிராம்ப்டில் 'டேவ்' என்று தட்டினார்கள். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். ஆடுபவன் ஒருவன், "மொதல்ல கப்ப எடுடா" என்று பின்னால் நின்று விரட்டுபவன் ஒருவன். சார் வரும் சத்தம் கேட்டால் மானிட்டரை அணைப்பது வழக்கம். ஆனால் பி.சி. ஸ்பீக்கரை அணைக்கப் பட்டன் கிடையாது. மானிட்டர் இருண்டிருக்க, சிலந்தியின் குண்டு பட்டு டேவ் வெடித்துச் சாகும் சத்தம் மட்டும் கேபினெட்டுக்குள்ளிருந்து வரும். இக்கட்டுரையின் தொகுப்பாளர் அந்தச் சத்தத்தால் ஒருமுறை வெளியே நிறுத்தப்பட்டவர்.

64 பிட் விண்டோஸ் வந்தபின் பழைய டாஸ் நிரல்கள் நேரடியாக இயங்கவில்லை; டாஸ்பாக்ஸ் போன்ற போலி இயக்கிகள் தேவைப்பட்டன. 2015இல் கைப்பேசி வடிவம் வந்தது. நின்டெண்டோ மறுத்த அந்த மாதிரியின் பிரதி 2021இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரிலுள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. ரொமேரோவின் தன்வரலாறு 'டூம் கை' 2023இல் வெளியானது.