ஒன்பது நாள் சிறை

வானத்திலே முழுநிலவு. வீடுதோறும் விளக்கொளி. உற்றாரும் உறவினரும் கூடியிருந்து உண்டு மகிழும் இலையுதிர்கால நிலாவிழா. சீன மக்கள் ஆண்டெல்லாம் எதிர்நோக்கும் இரவு அது. ஆனால் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, அதே இரவிலே, நாஞ்சிங் நகரத்தின் உயர்ந்த மதிலுக்குள்ளே பல்லாயிரம் ஆடவர் ஆளுக்கொரு பொந்திலே முடங்கிக் கிடந்தனர். கொலை புரிந்தவர்களா? அல்லர். களவாடியவர்களா? அவர்களும் அல்லர். தேர்வு எழுத வந்தவர்கள்!

சீனப் பேரரசின் தேர்வு முறையைப் புகழாத வரலாற்று நூல் இல்லை. பிறப்பு ஒன்றையே பார்த்துப் பதவி தந்த உலகத்திலே, கற்றவனுக்குப் பதவி என்று சட்டம் வகுத்த நாடு அது. விடைத்தாளில் எழுதியவன் பெயர் மறைக்கப்படும். கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுகொள்ளாதபடி எழுத்தர்கள் விடையைப் படியெடுத்த பின்னரே தேர்வாளர் கைக்குப் போகும். இந்த நேர்மையை நாமும் போற்றுகிறோம். ஆனால் பெண்களுக்கு அங்கே இடமில்லை. நடிகரின் மகனுக்கும் இடமில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. நேர்மையின் மறுபக்கத்திலே இன்னொன்றும் இருந்தது. அதுதான் தேர்வின் கால அட்டவணை.

1384-ஆம் ஆண்டு மிங் அரசு ஒரு விதி வகுத்தது. மாநிலத் தேர்வு எட்டாம் திங்களிலே நடைபெறும். ஒன்பதாம் நாள் முதற் கட்டம், பன்னிரண்டாம் நாள் இரண்டாம் கட்டம், பதினைந்தாம் நாள் மூன்றாம் கட்டம். படிப்பதற்கு எளிய வரிதான். ஆனால் அந்த வரியின் பொருள் என்ன? ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல்நாளே உள்ளே செல்ல வேண்டும். மறுநாள்தான் வெளியே வர முடியும். மூன்று பகல், இரண்டு இரவு. வெளியே வந்தால் ஒரே ஓர் இரவு வீட்டிலோ விடுதியிலோ உறக்கம். விடிந்ததும் மீண்டும் சோதனை, மீண்டும் பொந்து. இப்படி மூன்று முறை. மொத்தம் ஒன்பது நாள்.

பொந்து என்று நாம் சொல்வது மிகையன்று. கதவு கிடையாது. இரண்டு பலகைகள் உண்டு. பகலில் ஒன்று இருக்கை, மற்றொன்று மேசை. இரவில் இரண்டும் சேர்ந்தால் படுக்கை. காலை நீட்ட இடமில்லை. மழை பெய்தால் உடல் நனையலாம், தாள் நனையலாகாது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாஞ்சிங் தேர்வு வளாகத்திலே இத்தகைய அறைகள் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்தன. பூட்டிய வாயில் தேர்வு முடியும்வரை திறவாது. உள்ளே ஒருவன் இறந்துவிட்டால், பாயிலே சுற்றி மதிலுக்கு வெளியே தள்ளினார்கள்.

உறக்கமில்லை, நல்லுணவில்லை, தோற்றால் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்ற அச்சம் வேறு. சிலர் அறைக்குள்ளேயே அலறினர், சிலர் நினைவிழந்தனர், சிலர் பித்தராயினர். காரணம் என்னவென்று மக்கள் பேசிக்கொண்டனர் தெரியுமா? பேய்! அவனால் முன்பு கெடுக்கப்பட்டவரின் ஆவி, பழி தீர்க்கத் தேர்வறைக்கு வந்துவிட்டதாம்! எத்தனை வசதியான விளக்கம்! அட்டவணை வகுத்த அரசுக்குக் குற்றமில்லை, அல்லற்பட்டவனே குற்றவாளி!

எழுத்தாளர் பு சோங்லிங்கை எண்ணிப் பாருங்கள். 1658-இல், இளமையிலேயே, தொடக்கநிலைத் தேர்வில் முதலிடம் பெற்றவர். அதற்குப்பின் மாநிலத் தேர்வை எத்தனையோ முறை எழுதியும் வெற்றி காணவில்லை. பிறர் வீட்டிலே ஆசிரியராகவே வாழ்நாளைக் கழித்தார். எழுபது கடந்தபின், 1711-இல்தான், மூப்புக்கு இரங்கி ஒரு சிறு தகுதி அளித்தார்கள். சீனம் போற்றும் கதையாசிரியர் ஒருவருக்கு அரசு இட்ட மதிப்பெண் அவ்வளவே!

ஹொங் சியூசுவான் என்ற சிற்றூர் இளைஞனோ மாநிலத் தேர்வுக்கு முந்திய படியையே தாண்டவில்லை. 1837-இல் குவாங்சோ நகரிலே மீண்டும் தோற்று, நோயுற்று, ஊருக்குச் சுமந்து செல்லப்பட்டான். பல நாள் படுக்கையிலே கிடந்து ஏதேதோ காட்சிகள் கண்டான். 1843-இல் மறுபடியும் தோல்வி. அதன்பின் அக்காட்சிகளையே இறைவன் கட்டளை என்று கொண்டான். அவன் தலைமையிலே 1851-இல் மூண்ட தைப்பிங் கிளர்ச்சி, 1864-இல் அடங்குவதற்குள் இரண்டு கோடி உயிர்களைக் கொண்டதென்று கணிப்பர். பஞ்சமும் வரிக்கொடுமையும் அதற்குக் காரணங்களே. தேர்வுத் தோல்வி மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் நொந்த உள்ளத்தை நோக்காத நாடு எத்தனை பெரிய விலை கொடுக்க நேரும் என்பதற்கு அவன் வாழ்வு சான்றாக நிற்கிறது.

அட்டவணையை மாற்றவே முடியாதா? முடியும், சீனமே அதை மெய்ப்பித்தது. தலைநகர் பெய்ஜிங்கிலே நடந்த உயர்நிலைத் தேர்வு முதலில் இரண்டாம் திங்களில் இருந்தது. கடுங்குளிர்! விரல் விறைத்தால் எழுதுவது எப்படி? 1745-இல் மன்னர் சியான்லோங் அதனை மூன்றாம் திங்களுக்கு மாற்றினார். வானம் இடியவில்லை, பேரரசு கவிழவில்லை. எனினும் அந்த ஒன்பது நாள் சிறை, 1905-இல் தேர்வு முறையே ஒழிக்கப்படும்வரை நீடித்தது.

புதிய சீனத்தின் கதையும் இதுவே. பத்தாண்டுக் காலம் நின்றுபோயிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வு, 1977-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே மீண்டும் வந்தது. ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எழுதினர். இடம் பெற்றோர் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம். பின்னர், 1979 முதல், ஜூலை 7, 8, 9 என்று நாள் நிலைத்தது. கொளுத்தும் வெயில், பல மாநிலங்களிலே வெள்ளம். ‘கறுப்பு ஜூலை’ என்றே மாணவர்கள் அதற்குப் பெயரிட்டனர். 2003-இல் அத்தேர்வு ஜூன் மாதத்துக்கு மாற்றப்பட்டது. அன்று குளிருக்கு அஞ்சி ஒரு திங்கள் பின்னே. இன்று வெயிலுக்கு அஞ்சி ஒரு திங்கள் முன்னே!

இதனை நாம் ஏன் எழுதுகிறோம்? ஆசிரியப் பணி புரியும் நாம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு காட்சியைக் காண்கிறோம். கணக்குத் தேர்வுக்கு மறுநாளே அறிவியல் தேர்வு. இரவெல்லாம் விழித்த மாணவன், வினாத்தாளைக் கையில் வாங்கியதும் வெளிறிப் போகிறான். “தெரிந்ததுதான் ஐயா, நினைவுக்கு வரவில்லை” என்று கண் கலங்குகிறான். மறுநாள் அவன் கையிலே ஒரு தாயத்து! ‘நேரம் சரியில்லை’ என்று சோதிடர் சொன்னாராம். நேரம் சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் கோளால் வந்ததன்று; தாளில் மனிதன் எழுதிய நேரம்!

தேர்வு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பே ஏணி. ஏறுகிறவன் மூச்சு வாங்கப் படிகளுக்கிடையே சற்று இடம் வேண்டும் என்கிறோம். தனியறையும் துணையாசிரியரும் உள்ள வீட்டுப் பிள்ளை நெருக்கமான அட்டவணையைத் தாங்கிக்கொள்வான். மாலையில் கடையிலே வேலை பார்த்துவிட்டுப் படிக்கின்ற பிள்ளை தாங்குவானா? ஆக, இருவருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பதோடு நீதி நிறைவு பெற்றுவிடுவதில்லை. பெரிய பாடங்களுக்கிடையே ஓரிரு நாள் விடுவதும், தேதியை முன்கூட்டியே அறிவிப்பதும், தவறியவனுக்கு ஆண்டைக் காவு கொடுக்காமல் விரைவில் மறுவாய்ப்பு அளிப்பதும் நீதியின் பகுதிகளே.

பேயை விரட்ட மந்திரம் வேண்டியதில்லை. அட்டவணையை எடுத்து, ஒரு நாளைத் தள்ளிப் போட்டால் போதும்.