தேர்வும் கற்பித்தலும்

1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. கற்பித்தல் அன்று அதன் பணியன்று. இணைந்த கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. நமது மிஷனெரிக் கல்லூரிகளும் இவ்வேற்பாட்டுக்கு உட்பட்டன. நடுநிலைமைக்கு இது அரண்தான். எனினும் விடைத்தாள் மாணவனிடம் திரும்பவில்லை. தான் எங்கே தவறினான் என்பதை அவன் அறிய வழியுமில்லை.

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரேயொரு சீர்திருத்தம் கூறவேண்டுமாயின் அது தேர்வுமுறையைப் பற்றியதே என்று கருதியது. மதிப்பெண்ணில் மூன்றிலொரு பங்கைப் பயிலுங்காலத்து வேலைக்கு ஒதுக்கவும் பரிந்துரைத்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தே, 1978-இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டமும் தேர்வும் கற்பிப்போர் பொறுப்பில் வந்தன. பருவத்தின் இடையிலேயே தேர்வு வைத்துத் திருத்த இயன்றது.

கொல்லிமலைப் பைல் நாடு போன்ற இடங்களிலிருந்து, குடும்பத்தில் எவரும் கல்லூரி காணாத நிலையில் வரும் மாணவனுக்கு இவ்வேறுபாடு பெரிது. முதல் மாதமே திருத்திய தாள் கைக்கு வருமாயின் அவன் தன் குறையறிந்து படிப்பான். ஆண்டிறுதியில் தோல்விச் செய்தி மட்டும் வருமாயின் மலைக்கே திரும்பிவிடுவான்.

ஆயினும் அகமதிப்பீடு ஆசிரியர் கையில் பிரம்பாகவும் மாறக்கூடும் (போதகப் பணியிலுள்ள நாமும் இதற்கு விலக்கல்லர்). எதிர்க்கேள்வி கேட்க எழுந்த மாணவன் மதிப்பெண்ணை எண்ணி அமர்ந்துவிடுவதுண்டு. தாளைத் திருப்பித் தந்து, குறைத்த மதிப்பெண்ணுக்குக் காரணமும் எழுதாத வகுப்பில், பழைய முறையின் நடுநிலைமை போயிற்று. புதிய முறையின் பயனும் வந்தபாடில்லை.