அப்பச்சி படுத்த டெக்கும் நான் படுத்த அறையும்

சென்ற வருஷம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை எங்களை உல்லாசக் கப்பலில் பினாங்கு வரை அழைத்துப்போனார். எங்கள் அறையில் இரட்டைக் கட்டில், குளியலறை, ஏ.சி., டிவி எல்லாம் இருந்தன. கண்ணாடிக் கதவைத் திறந்தால் கடலைப் பார்த்த பால்கனி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கடலில்தான் எங்கள் அப்பச்சியும் போய் வந்தார்கள்.

நம் பக்கத்தில் 'கொண்டுவிற்கப் போவது' என்றால் என்னவென்று மானகிரியில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று போய், கணக்கு முடித்து வருஷங்கள் கழித்துத் திரும்புவார்கள். அப்பச்சி ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தார்கள். இரண்டு கணக்குப் போய் வந்தார்கள். ஆக நாலு கடல் பயணம். நாலும் 'ரஜுலா'வில்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் ஐம்பது வருஷம் ஓடியது. தொடக்கத்தில் டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற வசதி இருந்தது. அறைப் பயணிகளோ இருநூறு பேர்கூட இல்லை. யுத்தத்துக்குப் பிறகுதான் டெக் கூட்டத்தைக் குறைத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையில் அணையாது, கடலில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

டெக்கில் கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம் படுக்கை, டிரங்குப் பெட்டிதான் சுவர். ஐந்தாறு நாள் அப்படித்தான். ஆனால் நம்மவர்களுக்கு அது பழகிய வாழ்க்கை. போய் இறங்கும் கிட்டங்கியிலும் பெட்டியடிதான் கடை, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய். பல லட்சம் வரவு செலவு பார்த்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

அப்பச்சி மட்டும் கேபினில் போனதாக ஆத்தா எங்களிடம் சொல்வார்கள். "கடையிலே ரெண்டாங் கிளாசுக்குப் பணம் குடுத்தாக, மெத்தையிலே படுத்துப் போனாக" என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்பச்சி மறுத்துப் பேசியதில்லை.

அப்பச்சி காலமான பிறகு பெட்டியில் அவர்கள் கைக்கணக்கு நோட்டு கிடைத்தது. நாலு பயணத்துக்கும் நாலு வரி: 'கப்பல் செலவு மிச்சம்'. கடையில் கொடுத்தது இரண்டாம் வகுப்புக்கு. வித்தியாசம் உன் பாடு என்று முதலாளி சொல்லிவிட்டாராம், அதையும் எழுதியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் கிணறு வெட்டிய கூலியும் கல் கட்டிய கூலியும் இருந்தன. எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணறு அதுதான். அப்போது ஆத்தா இருந்தார்கள். நான் நோட்டைக் காட்டவில்லை.

ரஜுலா 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. 1972-இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை வாங்கி 'சிதம்பரம்' என்று பெயர் வைத்துச் சென்னை–சிங்கப்பூர் வழியில் விட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்த வழியும் முடிந்தது. அதற்குள் ஆகாய விமானம் எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தது.

விமானத்திடம் பயணிகளைப் பறிகொடுத்த கப்பல்கள், போய்ச் சேருவதை விட்டு, கப்பலில் இருப்பதையே விற்கத் தொடங்கின. 1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் எல்லா அறைகளும் வெளிப்பக்கம் பார்த்தவை. பலவற்றுக்குப் பால்கனியும் உண்டு. அன்று அதிசயம், இன்று சாதாரணம். 2022-இல் சென்னையிலிருந்தே 'கார்டேலியா' புறப்பட்டது. கடலுக்குள் போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப நம் ஜனங்கள் காசு கொடுத்து ஏறினார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து இப்போது மறுபடி ஒரு கப்பல் காங்கேசன்துறைக்குப் போகிறது. நாலு மணி நேரப் பயணம், உட்கார்ந்தே போகலாம். அதன் பெயர் 'சிவகங்கை'. அப்பச்சி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பினாங்கு போன ராத்திரி, போர்வையை எடுத்துக்கொண்டு பால்கனித் தரையில் படுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் முதுகு வலித்தது. உள்ளே வந்து கட்டிலில் படுத்துவிட்டேன். அவர்களுக்கு அது ஐந்தாறு ராத்திரி, அதுவும் நாலு தரம்.

கிணற்றில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது.