மாவனல்லைப் பகுதிப் பல்கலைக்கழக மாணவரும் இணையவழிக் கற்றலும்

மாவனல்லை, சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், கொழும்பு–கண்டி வீதியில் மகா ஓயாவை ஒட்டி அமைந்த நகரம். இங்கு பல்கலைக்கழகம் கிடையாது. மாகாணத்தின் பெயரைத் தாங்கிய சப்ரகமுவ பல்கலைக்கழகம் 1995இல் நிறுவப்பட்டது. அது இருப்பது இரத்தினபுரி மாவட்டத்து பெலிகுல்ஓயாவில். சமனலவெவ மின்திட்டத்துக்காக எழுப்பிய கட்டடங்களில் இயங்கத் தொடங்கியது. மாவனல்லை, ஹெம்மாதகமைப் பக்கத்து முஸ்லிம் மாணவரும், யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை இறப்பர்த் தோட்டங்களின் மாணவரும் பேராதனை, ஒலுவில், யாழ்ப்பாணம், வந்தாறுமூலை என்று பல திசைகளில் படிக்கின்றனர். கடுகண்ணாவை ஏற்றம் தாண்டினால் பேராதனை. மற்றவை எல்லாம் தூரம். இணையவழிக் கற்றல் இப்பகுதிக்கு முக்கியமாவது இதனால்தான்.

வரலாறு

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் இணைய வரலாறு மொறட்டுவையில் தொடங்குகிறது. பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய ‘லேர்ன்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு 1990இல் மின்னஞ்சல் சேவையைத் தந்தது. நிரந்தர இணைப்பு அப்போது இல்லை. விரிவுரையாளர்கள் எழுதிய மடல்கள் மொறட்டுவைக் கணினியில் சேர்ந்து கிடக்கும். பிறகு சர்வதேசத் தொலைபேசி அழைப்பு ஒன்றின் வழியே அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகக் கணினியைத் தொட்டு, போக வேண்டியவை போகும், வர வேண்டியவை வரும். அழைப்புக் கட்டணத்துக்குப் பயந்து எழுதிய கடிதங்கள் என்பதால் அவை சுருக்கமாகவே இருந்திருக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒரே வலையமைப்பாயின. 1995இல் நாட்டுக்கு நிரந்தர இணைய இணைப்பு வந்தது. சப்ரகமுவ பிறந்ததும் அதே ஆண்டு. தலைநகரை அண்டிய வளாகங்கள் அதற்குள் ஐந்தாண்டு முந்திவிட்டிருந்தன. அந்த முந்தல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

2000இல் கொழும்புப் பல்கலைக்கழகம் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தை ஆரம்பித்தது. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டம் வந்து, பல நகரங்களில் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. இதே காலத்தில் ‘மூடில்’ என்னும் கற்றல் மென்பொருள் அறிமுகமானது. ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் முதற் பதிப்பை வெளியிட்ட இந்த மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. காசில்லாப் பல்கலைக்கழகங்களில் அது வேரூன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வகைகள்

மாணவர் பயன்படுத்துபவற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, பல்கலைக்கழகமே நடத்தும் மூடில் தளம்: விரிவுரைக் குறிப்பு, ஒப்படை, வினாடிவினா. இரண்டாவது, பெட்ச் வாட்சப் குழு: நேர அட்டவணை மாற்றம், விரிவுரை ரத்து. மூன்றாவது குப்பி. பரீட்சை நெருங்கும்போது கெட்டிக்காரப் பிள்ளையொன்று மற்றவர்களை இருத்திப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இவ்வழக்கம் எல்லா வளாகங்களிலும் உண்டு. இப்போது அது சூமிலும் டெலிகிராமிலும் நடக்கிறது.

இவற்றுள் கற்றல் உண்மையில் நிகழ்வது மூன்றாவதில்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்குள் விழும் மாணவருக்கு மூடில் ஒரு களஞ்சிய அறை மட்டுமே. அங்கிருந்து எடுத்த ஆங்கிலப் பக்கமொன்றின் படம் இரவு பத்து மணிக்குக் குழுவுக்கு வரும்: “நானா, இத ஒருக்கா வெளங்கப்படுத்தேலுமா?” சீனியர் ஒருவர் நாலு நிமிடக் குரல்பதிவில் தமிழில் பதில் சொல்வார். அது அடுத்த பெட்சுக்கும் கைமாறும். சமூக வலைத்தளம் படிப்பைக் கெடுக்கிறது என்பது பெரும்பாலும் விரிவுரையாளர் பக்கத்துப் பேச்சு. பகிடிவதையும் இதே குழுக்களுக்குள் புகுந்ததென்பது வேறு விடயம். அதைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வாட்சப்பைக் கனவிலும் கண்டதில்லை.

தடைகளும் தொற்றுக் காலமும்

2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்தும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலை அடுத்தும் அரசு முகநூலையும் வாட்சப்பையும் முடக்கியது. மாணவர்கள் விபிஎன் வழியே தொடர்ந்தனர்.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டதும் லேர்ன் வழங்கிய சூம் வகுப்புகளுக்கு டேட்டா கட்டணம் சில மாதம் அறவிடப்படவில்லை. பிறகு அது கட்டணப் பொதியானது. வீதியோர நகரத்தில் சிக்னலுக்குக் குறைவில்லை. அரநாயக்க மலைச்சரிவிலும் தோட்ட லயன்களிலும் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஒரே போன் என்றால் உயர்தரம் படிக்கும் தம்பிக்கா, கெம்பஸ் போகும் அக்காவுக்கா என்ற கேள்வியும் இருந்தது.

இன்றைய நிலை

2022 பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் மீண்டும் இணையத்துக்குத் திரும்பின. இப்போது விரிவுரைகள் மண்டபத்தில் நடக்கின்றன, குறிப்புகள் மூடிலில் கிடக்கின்றன. மூடிலுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. பாடங்கள் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன.